க்ளாஸெட்டுக்குள் இருந்த அம்மன்

நம் செட் ஆட்களுக்கு இப்போது மருந்து பாட்டிலைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. சந்தித்தால் கொலஸ்ட்ரால் பற்றிப் பேசுகிறோம், பிள்ளைகளின் காலேஜ் பற்றிப் பேசுகிறோம், பிறகு எப்படியோ பேச்சு அந்த அபார்ட்மென்ட் நாட்களுக்குப் போய்விடுகிறது. ஏழெட்டு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நியூ ஜெர்சியில் வந்து இறங்கி, அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். போன தடவை கூடியபோது சின்ன வயதில் வீட்டுக்குத் தெரியாமல் செய்ததை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னீர்கள். ஒருத்தி ஸ்கூல் கேன்டீனில் சிக்கன் தின்றதைச் சொன்னாள். இன்னொருவன் பொட்டை அழித்துக்கொண்டு பஸ் ஏறியதைச் சொன்னான். என் முறை வந்தபோது நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டேன். என் கதை அந்த வரிசையில் சேராது. பதிமூன்று வயதில், ஒரு குளிர்காலம் முழுக்க, நான் சூனியக்காரியாக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

அப்போது நாங்கள் பார்சிப்பனியில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பார்க்கிங் லாட், அதைத் தாண்டி இன்னொரு பார்க்கிங் லாட். அப்பா காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார். அம்மா கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. ஈரோட்டில் காலேஜில் பாடம் நடத்தியவள். இங்கே அவள் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. அப்பாவின் பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பார்க்கிங் லாட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். பனி கொட்டினால் அதுவும் கிடையாது. ஹாலில் சோபாவிலிருந்து கிச்சனுக்கு, கிச்சனிலிருந்து சோபாவுக்கு. நான் ஸ்கூலிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, யாரோ ஜெயில் கதவைத் திறந்த மாதிரி என்னைப் பார்ப்பாள்.

அந்தப் பார்வைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு நாள் முழுக்க இருந்த ஒரே வேலை நான். என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன், ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது. என் அறைக் கதவைச் சாத்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். சாத்தினால் அடுத்த நிமிஷம் "உள்ள என்ன பண்ற கண்ணு?" என்று குரல் வரும். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரியும். பாத்ரூமை விட்டால், நான் சாத்திக்கொள்ள முடிந்த ஒரே கதவு, என் அறையில் ஆள் நிற்கிற அளவுக்கு இருந்த, துணி மாட்டுகிற க்ளாஸெட்டின் கதவு.

ஸ்கூல் லாக்கர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதி இருந்தாள். கழுத்தில் வெள்ளிப் பிறை போட்டிருப்பாள். அவளும் அவள் அம்மாவும் சர்ச்சுக்குப் போகாதவர்கள். யூரோப்பில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் இருந்த தெய்வங்களை, நிலாவை, மரத்தை, பருவங்களைக் கும்பிடுகிறவர்கள். விக்கா என்று அதற்குப் பெயர் சொன்னாள். ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபயர்பிளேஸுக்கு மேலே ஒரு பலகை. அதில் மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் உப்பு, தண்ணீர், மான் கொம்பு, காய்ந்த ஓக் இலை. அதன் முன்னால் அவள் அம்மா கண்ணை மூடி நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் திரும்பி எங்களுக்கு பீட்சா ஆர்டர் பண்ணினாள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டவுன் லைப்ரரியில் அதைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. எடுத்து வந்து ஒரே வாரத்தில் படித்தேன். மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டியைக் க்ளாஸெட்டுக்குள் கவிழ்த்துப்போட்டு, மேலே என் கறுப்புத் துப்பட்டாவை விரித்தேன். மண்ணுக்குக் கிண்ணத்தில் உப்பு, நீருக்கு எவர்சில்வர் டம்ளர், காற்றுக்கு அம்மாவின் ஊதுபத்தி, நெருப்புக்கு ஒரு மெழுகுவர்த்தி. புத்தகம் ஒரு சடங்குக் கத்தி வேண்டும் என்றது. வெண்ணெய் தடவுகிற கத்தியைக் கிச்சனிலிருந்து எடுத்து வந்தேன். நடுவில், ஆற்றங்கரையில் பொறுக்கிய ஒரு சாம்பல் நிறக் கல். அதுதான் தேவி. வட்டமாக நடந்து நான்கு திசைகளையும் அழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. க்ளாஸெட்டில் நடக்க இடமேது? நின்ற இடத்திலேயே சுற்றினேன். ஒவ்வொரு திசைக்கும் ஒரு விண்டர் கோட் முகத்தில் இடித்தது. பாச்சை உருண்டையும் மெழுகும் மல்லிகை ஊதுபத்தியும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நான் நின்றுவிடுவேன்.

என்ன கேட்டேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுமே கேட்கவில்லை. அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்பதே போதுமாக இருந்தது. மார்க், சாப்பாடு, முகம், எதுவும் இல்லை. தினமும் ஸ்கூல் விட்டு வந்து, அம்மா டீ போடுகிற அந்தப் பத்து நிமிஷம் நான் வேறு யாரோ.

மூன்று வாரம் ஓடியிருக்கும். ஒரு நாள் மடித்த துணிகளோடு வந்து அம்மா க்ளாஸெட்டைத் திறந்துவிட்டாள்.

நான் மெழுகுவர்த்தி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகம் என் காலடியில் கிடந்தது. அம்மா உப்பைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவள் முகம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை.

"சாமி கும்பிடுறியா கண்ணு?"

"Yeah," என்றேன். வேறு என்ன சொல்வது?

"கத்தி எதுக்கு?"

"அது... சூலம் மாதிரி."

அம்மா துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய முட்டாளாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

மறுநாள் ஸ்கூலிலிருந்து வந்தால் அட்டைப்பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மரப்பலகை, அதன் மேல் சிவப்புப் பட்டுத்துணி. என் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நூலில் கோத்த பிளாஸ்டிக் சாமந்தி மாலை போட்டிருந்தது. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் காமாட்சி விளக்கு. சுவரில் லக்ஷ்மி, முருகன், பண்ணாரி அம்மன். கோட்டுகள் எல்லாம் ஹாலுக்குப் போய்விட்டன. வெண்ணெய்க் கத்தி மட்டும் சந்தனப் பொட்டோடு அப்படியே இருந்தது.

"இனிமே இந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். சாமி இருக்கிற எடம்," என்றாள்.

இருந்த ஒரு கதவும் போய்விட்டது. அன்று சாயங்காலம் நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அம்மா போனை எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஆன்ட்டிகள் வர ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பிரிட்ஜ்வாட்டரில் பெரிய வீடு கட்டியிருந்த டாக்டர் ஆன்ட்டி. அவர் வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார். "நம்ம பசங்கள்லாம் கோயிலுக்கு வான்னா headache-ங்கறாங்க. உங்க பொண்ணு தானா ஒரு பூஜா ரூம் வெச்சிருக்கா பாருங்க. எவ்ளோ blessed நீங்க!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார். என் அறைக்குள் ஏழெட்டுப் பட்டுப் புடவைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நடுவில் பாவாடை சட்டையோடு நான். எனக்கு ஒரு ஸ்லோகமும் தெரியாது. புத்தகத்தில் இருந்த திசை அழைப்புகளை ஆங்கிலத்தில் முணுமுணுப்பேன். குழந்தை தியானம் பண்ணுகிறாள் என்று எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

ஒரு முறை சாம்பிராணி போட்டு ஸ்மோக் அலாரம் அலறிவிட்டது. மூன்று மாடிக்காரர்களும் செருப்போடு பனியில் போய் நின்றார்கள். அபார்ட்மென்ட் மேனேஜர் மேலே வந்து கேட்டபோது, "Cooking, sir," என்றாள் அம்மா. கூட நின்ற ஆன்ட்டிகள் அத்தனை பேரும் "Cooking, cooking," என்று தலையாட்டினார்கள். பட்டுப் புடவையில் கூட்டமாகச் சமையல் என்று அவர் என்ன நினைத்தாரோ.

ஒரு ஆன்ட்டியின் வீட்டுக்காரருக்கு நின்றுபோயிருந்த விசா எக்ஸ்டென்ஷன் அந்த வாரத்தில் கிடைத்தது. அவ்வளவுதான், என் பேர் எடிசன் டவுன் வரைக்கும் போய்விட்டது. மாமியாரின் முழங்காலுக்கு, பிள்ளையின் எஸ்.ஏ.டி. பரீட்சை மார்க்குக்கு, வீட்டு லோனுக்கு என்று ஆளுக்கொரு வேண்டுதலோடு என் முன்னால் குனிந்தார்கள். பிறை போட்ட என் சிநேகிதி பௌர்ணமிக்கு எங்கள் வீட்டுக்கு வரவா என்று கேட்டாள். கலர் சீரியல் பல்பு எரிகிற க்ளாஸெட்டை அவளுக்கு எப்படிக் காட்டுவேன்? இல்லை, முடியாது என்றேன். இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு அவள் வேறு மேஜையில் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குப் பௌர்ணமியை நினைவுபடுத்துகிற வேலையையும் அம்மாவே எடுத்துக்கொண்டாள். கோயில் காலண்டரைப் பார்த்து, "இன்னிக்கு முழு நிலா, மறந்துடாத," என்பாள். சுண்டலோடு ஒரு தட்டில் ரொட்டியும் தேனும் வைப்பாள். புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. எப்படிப் பொருந்துகிறது என்று நான் யோசிக்கவில்லை. என் கோபத்தில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ஜனவரியில் அப்பிச்சி இறந்துபோனார். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் போன் வந்தது. அம்மா எழுந்து பெட்டியை எடுத்து, இரண்டு புடவைகளை மடித்து வைத்துவிட்டாள். அப்பா லாயருக்குப் போன் பண்ணிப் பேசிவிட்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப வெளிய போனா திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்குமான்னு தெரியாதாம். கிரீன் கார்டு அப்ளிகேஷனே போயிடும்ங்கறார்."

அப்பாவின் விசாவுக்கு ஆறு வருஷம்தான் ஆயுள். அடுத்த கோடையோடு எங்களுக்கு அது முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு வரவில்லை என்றால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் வாங்கிய கடன், அப்பா விட்டுவிட்டு வந்த அரசாங்க வேலை, எல்லாம் அந்த ஒரு கார்டை நம்பி நின்றன. அம்மாவுக்கும் இது தெரியும். அவள் புடவைகளை வெளியே எடுத்து வைத்தாள்.

ஊரில் மாமா போனைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். பறைச் சத்தமும் பெண்களின் அழுகையும் கலந்து இரைச்சலாக வந்தது. அம்மா சோபாவில் நேராக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்குகிற நேரத்தில் ஊருக்குப் பேச வாங்கிய காலிங் கார்டில் நிமிஷம் தீர்ந்து, லைன் அறுந்துவிட்டது. அப்பா வேறு கார்டு வாங்கக் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் அம்மா என் அறைக்கு வந்து க்ளாஸெட் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கண் வீங்கிப் போயிருந்தது.

"கிரீன் கார்டு சீக்கிரம் வரணும்னு கேளு கண்ணு. உன்னோட அம்மன்கிட்ட நீயே கேளு. உன் வாயால கேளு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டது கல்லைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. கார்டு வந்தால் இந்தக் க்ளாஸெட்டை விட்டு எனக்கு ஆயுசுக்கும் விடுதலை கிடையாது. வராவிட்டால் நான் சரியாகக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். நிஜத்தைச் சொல்லலாம் என்றால், தன் அப்பா செத்து, அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவளிடம், இது நம் சாமி இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கேட்டேன். தினமும் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மனசார, எங்களை வெளியே விடு என்று கேட்டேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் ஆன்ட்டி தன் பெண்ணையும் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். இங்கேயே பிறந்தவள், ஹைஸ்கூல் கடைசி வருஷம். வேண்டா வெறுப்பாக மூலையில் உட்கார்ந்தவள் கண்ணில், லைப்ரரிக்குத் திருப்பாமல் நான் கட்டிலுக்கடியில் வைத்திருந்த புத்தகம் பட்டுவிட்டது. எடுத்துப் புரட்டினாள். கல்லைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள்.

"Oh my God. Mom, this is Wicca. She's, like, a witch."

ஒரு ஆன்ட்டி கையில் சுண்டலோடு, "விட்ச்சுன்னா... சூனியமா?" என்றாள். டாக்டர் ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது? இவ என்னமோ சொல்றாளே?"

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதற்கடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. கடைசியில் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். இப்போது சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். திட்டு விழும், அடி விழும், ஊரே பேசும், ஆனால் வெள்ளிக்கிழமை என்னை யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். எழுந்து நின்றேன்.

"Yes. It's Wicca. She's not our God. She's a different goddess."

அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த ஊர்ல அம்மனுக்கு அப்படித்தாங்க பேரு," என்றாள். "ஊருக்கு ஊர் பேரு மாறும். நம்ம ஊர்ல மாரியம்மன், பண்ணாரி அம்மன்னு இல்லீங்களா? அது மாதிரி. எடுத்துக்குங்க, சுண்டல் ஆறுது."

யாரோ "அதானே," என்றார்கள். டாக்டர் ஆன்ட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண்ணின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். "Don't make fun of other people's prayers," என்று அவளைத்தான் அதட்டினார். சூனியமா என்று கேட்ட ஆன்ட்டி குங்குமம் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். திறந்த கதவு அப்படியே சாத்திக்கொண்டது. நான் எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், பிறகு உட்கார்ந்தேன். அம்மாவை அன்று வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. தன் பெண் வாய் திறந்து சொல்வதைக்கூடக் காதில் வாங்காத ஜடம் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் அப்பா ஆபீஸிலிருந்து போன் பண்ணினார். கிரீன் கார்டு அப்ரூவ் ஆகிவிட்டது. அம்மா ரிசீவரைக் கீழே வைக்காமல்கூட ஓடி வந்து க்ளாஸெட் முன்னால் விழுந்தாள். அந்தக் கோடையில் ஊருக்குப் போனாள். அவள் இல்லாத சமயத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நான் ஒரு பெட்டியோடு போனேன். வாசலில் அப்பா நின்றார். "வேண்டாம் பாப்பா. அம்மா வர்ற வரைக்கும் விளக்கு மட்டும் ஏத்திடு," என்றார். ஏற்றினேன்.

பிறகு பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கினார்கள். தனியாகப் பூஜை அறை வந்தது, கல்லுக்கு வெள்ளிக் கவசம் வந்தது. அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர் ஆனாள். பதினைந்து வயதிலேயே எனக்கு விக்காவும் விட்டுப்போனது, நம் சாமி கும்பிடுவதும் விட்டுப்போனது. நான் காலேஜுக்கு டெக்ஸஸ் போன பிறகும், வேலைக்கு பிளசன்டன் போன பிறகும், "இன்னிக்கு முழு நிலா, விளக்கேத்து," என்று போன் வரும். ஏத்திட்டேன்மா என்று டிராஃபிக்கில் உட்கார்ந்துகொண்டு சொல்வேன். இப்படியே முப்பது வருஷம் ஆகப்போகிறது.

போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் போயிருந்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா டைனிங் டேபிளில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபது தாண்டிவிட்டது. தனக்கப்புறம் அந்தப் பூஜையை நான்தான் எடுத்துச் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தாள். எனக்குள் இருந்த பதிமூன்று வயசு குப்பென்று எழுந்தது.

"அம்மா, அது நம்ம சாமியே இல்ல. அன்னிக்கே சொன்னேன், நீ கேக்கல. அது விக்கா. வெள்ளக்காரங்களோட சாமி."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ கும்பிட்டதப் பாத்த மறுநாளே, நீ ஸ்கூல் போனப்புறம் அந்தப் புஸ்தகத்த உக்காந்து படிச்சேன். எம்.எஸ்ஸி படிச்சவளுக்கு அது புரியாதா கண்ணு?"

அம்மா கீரைத் தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டாள்.

"அப்புறம் எதுக்கும்மா அந்தக் கூத்தெல்லாம்? என்ன எதுக்கு அப்படி உக்கார வெச்ச?"

"நம்ம சாமி எல்லாத்தையும் கேட்டாச்சு. பண்ணாரிக்குக் காசு முடிஞ்சு வெச்சாச்சு, பழனிக்கு முடிஞ்சு வெச்சாச்சு. ஒண்ணும் நடக்கல. கார்டு குடுக்கிறது இந்த ஊர்க்காரங்க. இந்த ஊர் சாமியத்தான கேக்கணும்? அவகிட்ட எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மாட்டிக்கிட்டோம்னு பயந்து விட்டிருப்ப. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா உன்னப் பேய் புடிச்சவன்னு சொல்லுவாங்க. நம்ம சாமி படத்த மாட்டி மூடி வெச்சேன். நாலு பேர் வந்து கும்பிட்டா பலம்னு நெனச்சேன்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். பட்டேன் என்றும்தான் நினைக்கிறேன். அந்த வருஷம் முழுக்க, என் சிநேகிதியையும் சேர்த்துப் பார்த்தால்கூட, என் சாமியை நிஜமென்று நம்பி அதன் முன்னால் அழுத ஒரே ஆள் அம்மாதான் என்பது அந்த டேபிளில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கதவைப் பிடுங்கிக்கொண்டவளும் அவளேதான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவ உன்கிட்ட பேசினாளா கண்ணு? நீ கேட்டப்ப, ஏதாவது பதில் வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லம்மா. ஒரு நாள்கூட ஒரு சத்தமும் கேக்கல. சும்மா உக்காந்திருந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கீரைத் தட்டை என் பக்கமாக நகர்த்தினாள்.

"எனக்கும்தான்," என்றாள். "எந்தச் சாமியும் எங்கிட்ட பேசினதில்ல. உனக்காவது கேக்குதோன்னுதான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."